நன்மை வாங்கிய வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். இந்தத் தொடரை எழுதச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதே முதலில் மனதில் வந்து நின்றது இந்தச் சங்கதிதான். ஆனால் புதுநன்மை உடுப்பைப் பற்றி எழுதினேன், கோயில் மணியைப் பற்றி எழுதினேன், போன வாரம் தபசு காலத்துக் கஞ்சியைப் பற்றிக்கூட எழுதினேன். இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

காரணம் இருக்கிறது. இது என் வீட்டுக்காரரைப் பற்றியது. "நான் இருக்கற வரைக்கும் இதப் பேச வேணாம்" என்று அவர் சொல்லியிருந்தார். அவர் போன பிறகும், பேனாவை எடுத்தால் அந்தச் சொல் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு கலியாணப் பந்தியில், நான் யாரென்று தெரியாமல் எதிர் இலையில் இருந்தவர் இந்தக் கதையை ஒரு மாதிரி சொன்னார். அவருக்குப் பக்கத்து இலைக்காரர், "அப்படி இல்லப்பா" என்று இன்னொரு மாதிரி சொன்னார். நடந்தது இரண்டும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொல்லி முடித்தபோது, இனி எழுதாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதத்துக் காலை

கண்ணை மூடினால் இப்போதும் தெரிவது அந்தக் கோயில் முற்றம். அந்தோணியார் திருவிழா. பெரிய பூசை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சாம்பிராணி வாசம் சேலையில் இன்னும் இருந்தது. ஆனிக் காற்று செம்மண்ணை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் பெண்கள் எல்லாரும் முக்காட்டோடு புளியமரத்து நிழலில் ஒதுங்கி நின்றோம்.

குளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். பிறகு நான் வாழ்க்கைப்பட்டது அங்கேதான் என்றாலும் அன்றைக்கு நான் விருந்தாளி. என் பிறந்த ஊர் அரிமளத்துப் பக்கம். எங்கள் ஊர்ச் சடுகுடு செட்டுக்கும் அந்த ஊர் செட்டுக்கும்தான் ஆட்டம். எங்கள் செட்டில் பிடிப்பதற்குப் பேர்போனவர் என் அண்ணன் சின்னப்பன். அந்த ஊர் செட்டில் பாடிப் போவதற்குப் பேர்போனவர் அருளப்பன். அவருக்குத்தான் என்னைப் பேசி வைத்திருந்தார்கள். பரிசம் போட நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இரண்டு செட்டும் சரிக்குச் சரியாக இருந்தன. கடைசிப் பாட்டு அவருடையது. எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். நடுக்கோட்டுக்கு வந்துவிடப் போகிறார். அண்ணன் பாய்ந்து இடுப்பைக் கட்டினார். இரண்டு பேரும் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் அண்ணனின் முழங்கை அவர் வாயில் இடித்தது.

அவர் கை கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஊர்ந்தாலே போதும். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார்.

உதட்டோரத்தில் நூல் மாதிரிச் சிவப்பு இறங்கியது. அதைப் புறங்கையால் வாய்க்குள்ளேயே தள்ளினார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. விழுங்கினார். பாட்டு நின்றது. புதுக்கோட்டையிலிருந்து நடுவராக வந்திருந்த ட்ரில் மாஸ்டர் விசில் ஊதினார். அதற்குப் பிறகுதான் அவர் கை கோட்டைத் தொட்டது.

"அவுட்டு" என்றார் ட்ரில் மாஸ்டர்.

ஆட்டம் கோயிலுக்கு வந்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது.

அந்தக் காலத்தில் கோயிலுக்கும் ஆட்டத்துக்கும் ஆகாது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் சடுகுடு ஆடினவனைப் பூசை முடியும் வரை வாசல்படியில் முழங்காலில் நிறுத்திவிடுவார். அதே சாமியார்தான் மஞ்சுவிரட்டுக்குப் போகிற காளைகளைக் கோயில் வாசலுக்கு ஓட்டி வந்தால் மந்திரித்த தண்ணீர் தெளித்து அனுப்புவார். "மாட்டுக்கு ஆசீர்வாதம், மனுசனுக்கு முழங்காலா?" என்று என் அப்பா சிரிப்பார். சாமியார் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சிரிப்பார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருடங்கள் கழித்து, குளத்தூர்ப் பக்கம் ஒரு தமிழ்ச் சாமியார் வந்தார். இளம் வயது. திருவிழாவுக்கு வருகிற வாலிபர்கள் சீட்டாட்டமும் அடிதடியுமாகப் போவதைப் பார்த்துவிட்டு, கோயில் முற்றத்திலேயே சடுகுடு வைக்கலாம் என்றார். உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற பெரியவர் அவர். பாதி ஊர் அவர் சொல்லைக் கேட்கும்.

"தேவநற்கருணை இருக்கற எடத்துக்கு முன்னால தொடையத் தட்டிக்கிட்டு ஆடறதாங்க சாமி?"

"தட்டட்டும் உபதேசியாரே. அடுத்தவன் மண்டையத் தட்டாம இருந்தாச் சரி."

ஆனாலும் அவர் மனம் ஆற வேண்டும் என்று சாமியார் ஒரு சட்டம் போட்டார். முதல் நாளே சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, திருவிழாப் பூசையில் அவர் நாக்கில் வைக்கிற நற்கருணை அப்பமான நன்மையை வாங்கினவன்தான் ஆட இறங்கலாம். வெளியூர் செட்டுக்கும் அதே சட்டம்தான். பரிசு என்று பணமோ பாத்திரமோ கிடையாது. ஜெயித்த செட்டு அன்று சாயந்திரம் அந்தோணியார் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்கும். அதுதான் பரிசு.

அதன் மதிப்பு அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் தூக்கி வந்த சப்பரம் அது. ஆட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தோளை அவர்கள் விட்டதே இல்லை. "அருளப்பன் மூச்சு இருக்கற வரைக்கும் நம்ம தோளு எறங்காது" என்று பெருமையாகச் சொல்வார்களாம்.

எப்போதும் ஆட்டம் சாயந்திரம்தான். அந்த வருடம் சாயந்திரம் சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் வருவதாக இருந்ததால், காலையில் பூசை முடிந்த கையோடு ஆட்டத்தை வைத்துவிட்டார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆண்டவர் இறங்கின வாய்

நன்மை ஆண்டவருடைய சரீரம், அதை வாங்கிய வாயால் துப்பக் கூடாது. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து நன்மை வாங்குவோம். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் போதும், துப்பலாம். எங்கள் வழக்கம் அவ்வளவுதான். குளத்தூர்ப் பக்கத்தில் இன்னும் கண்டிப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். உச்சி சாயும் வரை அங்கே துப்ப மாட்டார்கள். நாவல்பழத்தைக்கூட அன்று காலையில் தொட மாட்டார்கள், கொட்டையைத் துப்ப வேண்டி வரும் என்று.

அதனால்தான், மற்றப் பெண்கள் நடுக்கோட்டைப் பார்க்க, அவர் முகத்தையே பார்த்த எனக்கு உடனே விளங்கியது. வாய் நிறைய ரத்தம். பாட வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ரத்தம் மண்ணில் விழும். அவர் மூடிக்கொண்டார்.

அந்த மண் செம்மண். ரத்தம் விழுந்திருந்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் ஆண்கள் பக்கம் நின்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அவர்கள் கண்டது இதுதான்: மூச்சுக்குப் பேர்போனவன், கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் வாயை மூடினான். கட்டிப் பிடித்திருந்தவன் அவனுக்கு மச்சானாக வரப்போகிறவன்.

சாயந்திரம் எங்கள் ஊர்ப் பையன்கள் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுத்தார்கள். மேற்றிராணியார் முன்னால் நடந்தார். வாத்தியம் முழங்கியது. அந்த ஊர்ப் பெரியவர்கள் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு கிழவர் தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பரிசம்

பேச்சு அன்று ராத்திரியே கிளம்பிவிட்டது.

"எல்லாரும் பரிசமா சேல குடுப்பாங்க, நகை குடுப்பாங்க. இவன் கோயில் ஆட்டத்தையே குடுத்துட்டான்ல."

"அப்ப கலியாணத்துக்கு என்னத்தக் குடுப்பான்? சப்பரத்தையா?"

அவர் தண்ணீர் எடுக்கப் போனால் சிரித்தார்கள். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கப் போனால் சடுகுடு பாடி நடுவில் நிறுத்திக் காட்டினார்கள். அவர் வாய் வீங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சடுகுடு ஆடினவனுக்கு வாய் வீங்காமல் வேறு என்ன வீங்கும் என்று விட்டுவிட்டார்கள். இதெல்லாம் பிறகு என் அத்தை, அவருடைய தாயார், எனக்குச் சொன்னது. தன் மகன் அந்த வாரம் முழுக்க வெறும் கஞ்சியைக் கரைத்துக் குடித்ததைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்றும், ஏனென்று கேட்டதற்குப் பல்வலி என்று மட்டும் சொன்னார் என்றும் சொன்னார்கள்.

அவர் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? சொன்னால் உபதேசியார் பக்கத்து ஆட்கள், "பாத்தீங்களா, நன்மை வாங்கிட்டு ஆடச் சொன்னதால வந்த வெனை" என்று சாமியார் மேல் பாய்வார்கள். ஆட்டம் அதோடு நின்றுபோகும். "நம்மளால சாமிக்கு ஒரு சொல்லு வரக்கூடாதுல்ல" என்றார், பின்னாளில் நான் கேட்டபோது. "அதையெல்லாம் வெளிய சொன்னா பெருமை பேசுனாப்புல ஆயிரும்" என்றும் சொன்னார்.

இதற்குள் அவருடைய தகப்பனார் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஊர் வாய் அடங்கட்டும், பரிசத்தைத் தள்ளி வைப்போம் என்று. வந்த ஆள் மோர் குடிக்காமல் எழுந்து போனதிலேயே எங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இது தள்ளி வைப்பது இல்லை என்று.

மோட்டாருக்குக் காத்திருந்தபோது

நான் கண்டதை அண்ணனிடம் அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். திருவிழா முடிந்து மறுநாள் குளத்தூரில் மோட்டார் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பரிசம் போடாத மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பெண் வாயைத் திறந்து பேசுகிற காலம் இல்லை அது. அம்மா அங்கிட்டுத் திரும்பியிருந்த நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, அவுக துப்பல."

"யாரு? என்னத்த?"

"வாய்ல ரத்தம் வந்துச்சு. துப்பாம முழுங்குனாக. நேத்துக் காலைல நன்மை வாங்கினாகள்ல."

அண்ணன் சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே பல் பதிந்து தோல் கிழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் வந்தும் ஏறவில்லை. அம்மா இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

"நான் ஜெயிச்சேன்னுல்ல நெனச்சேன்" என்றார், ஏறி உட்கார்ந்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு, ஆள் வந்து போன மூன்றாம் நாளோ என்னவோ, அண்ணன் ஒருவராகவே அந்த ஊருக்குப் போனார். பூசை கண்டார். பூசை முடிந்து ஊரே முற்றத்தில் நின்றபோது சாமியாருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி பேசினார்.

"போன திருவிழா ஆட்டம் எங்களுது இல்லீங்க. மொதத் தோளு உங்களுது. என் முழங்கை அவரு வாய்ல விழுந்துச்சு. இந்தா பாருங்க, பல்லுத் தடம்."

கூட்டத்திலிருந்து ஒருவன், "வாய்ல பட்டா என்ன, துப்பிட்டுப் பாட வேண்டியதுதான்?" என்று கேட்டான்.

அண்ணன் அருளப்பன் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மச்சான். ஏன் துப்பல?"

கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே நற்கருணை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு தரம் அங்கிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். புளியமரத்தடியில் நின்ற பெண்களுக்கு முதலில் விளங்கிவிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவருக்கு முதல் தடவையாகப் புதுநன்மை கொடுத்த அன்று, உச்சி சாயும் மட்டும் எச்சிலைக்கூடக் கீழே விடாதே என்று சொல்லி வைத்தவர்கள் அவர்கள்தானே.

பிறகு அவர் பேசினார். "வாய மூடுனேன், பாட்டு நின்னுச்சு. பாட்டு நின்னா அவுட்டுதான். மாஸ்டர் ஊதுனது சரி. மொதத் தோளு ஒங்களுதுதான் மச்சான். அதத் திருப்பிக் குடுக்க வேணாம்."

சாமியார் கிட்டே வந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது என்று அண்ணன் சொன்னார்.

"அருளப்பா, இது நான் போட்ட சட்டம் இல்லையேப்பா. திருச்சபைச் சட்டமும் இல்ல. நன்மைய உட்கொண்டு முடிச்சதுக்கப்புறம் துப்புனாப் பாவமே இல்ல."

"சாமி சொன்னா சரிதாங்க. ஆனா எங்க ஆத்தா சொன்னப்ப எனக்கு ஏழு வயசுங்க சாமி."

சாமியார் திரும்பிக் கோயிலுக்குள் போய், பலிபீடத்துக்கு முன்னால் நெடுநேரம் முழங்காலில் இருந்தாராம். ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த வருடம் முதல், மேற்றிராணியாரே வந்தாலும் ஆட்டம் உச்சி சாய்ந்த பிறகுதான் என்று சாமியார் சொல்லிவிட்டார். எங்கள் கலியாணம் அந்த ஆவணியிலேயே அதே கோயிலில் நடந்தது. மந்திரித்து முடித்து வைத்தவர் அந்தச் சாமியார்தான்.

மண் எடுத்தவர்கள்

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஊர் வாய் அடங்கியது. அடங்கி, வேறு பக்கம் திரும்பியது. அன்று அவர் வாயிலிருந்து ஒரு ஒளி வந்தது என்றார்கள். ரத்தத்தில் ரோசாப்பூ வாசம் அடித்தது என்றார்கள். ஆட்டம் நடந்த இடத்து மண்ணைத் துணியில் முடிந்து பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். ஆட்டமே கூடாது என்ற உபதேசியார் அந்த இடத்தில் ஒரு சிலுவை நட வேண்டும் என்று வீட்டுக்கே வந்தார். நான் அப்போது புதுப்பெண், உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சிலுவைய நட்டுட்டா பயலுக எங்கிட்டுப் போயி ஆடுவானுக உபதேசியாரே?" என்றார் இவர்.

"அற்புதப் புதுமை நடந்த எடம்ப்பா அது."

"புதுமையெல்லாம் இல்லீங்க. ஒரு பல்லுதான் போச்சு."

அன்று சாயந்திரமே மண்வெட்டியை எடுத்துப் போய், ஜனங்கள் தோண்டியிருந்த குழிகளை மூடி, தண்ணீர் தெளித்து, புதுக்கோடு போட்டுவிட்டு வந்தார். வந்து என்னிடம் அப்போதுதான் சொன்னார், தான் இருக்கிற வரை இதைப் பேச வேண்டாம் என்று. அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆடினார். அவர் செட்டு ஜெயித்த வருடங்களிலும் சப்பரத்தைத் தூக்குகிற முன் வாரைக் கட்டையில் நிற்க மாட்டார். பின்னால் போய்த்தான் தோள் கொடுப்பார்.

காலம் மாறியது. நன்மை வாங்குமுன் தண்ணீர் குடிக்கலாம் என்று வந்தது. பூசை தமிழில் வந்தது. எங்கள் பிள்ளைகள் நன்மை வாங்கிவிட்டு வெளியே வந்து கரும்பு தின்று சக்கையைத் துப்பினார்கள். அவர் அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தான் மட்டும் உச்சி சாயும் வரை வாயைக் கட்டினார்.

ஜன்னல்

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஒரு நாள் காலை சாமியார் வந்து நோயாளிக்கான எண்ணெய் பூசி, நன்மை கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. நர்ஸம்மா பேசினைக் கொண்டுவந்து தாடைக்குக் கீழே பிடித்தார்.

"துப்புங்கய்யா. உள்ள போகக் கூடாது. துப்புங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவரால் பேச முடியாது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னும் சாயலைங்க" என்றேன். "சாமிதான் அன்னைக்கே சொன்னாகள்ல, பாவம் இல்லேன்னு. துப்புங்க."

தலையை லேசாக ஆட்டினார், மாட்டேன் என்று. நர்ஸம்மா என்னைக் கோபித்துக்கொண்டார். "என்னம்மா இது, சின்னப் பிள்ள மாதிரி" என்று சொல்லிவிட்டு, பேசினை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னல் கட்டையில் கிடந்தது. அது மெல்ல நகர்ந்து, சுவரை விட்டு இறங்கி, வெளியே போனது. வராந்தாவில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டது.

"சாஞ்சிருச்சுங்க" என்றேன்.

பேசினை இழுத்துத் துப்பினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பந்தியிலோ மோட்டாரிலோ யாராவது இந்தக் கதையை எடுத்தால் நீங்களும் சொல்லுங்கள். ஆனால் இங்கே எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். பெண்ணுக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல வேண்டாம். ஒளி வந்தது, பூ வாசம் வந்தது என்றும் சேர்க்க வேண்டாம். நான் அங்கே நின்று பார்த்தவள். அவர் வாயில் ரத்தம் வந்தது. நன்மை வாங்கிய வாய் என்று விழுங்கினார். பாட்டு நின்றது. அவுட்டு.